ஆறாவது ஆளின் தண்ணீர்

களத்துப்புதூர்,
காங்கேயம் அருகில்.
3-3-1996

அன்பும் மரியாதையும் உள்ள நங்கையாளுக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி ராசாத்தாள் எழுதுவது. இங்கே உங்கள் தம்பி, இனியா, அன்புச்செல்வி, என் அப்பா, நான் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் மாசிப் பனியில் இருமல் விட்டபாடில்லை. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? இஸ்மத் டீச்சரை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

எண்ணெய் மில்லுக்குத் தெற்கே நாங்கள் வாங்கிப் போட்டிருந்த பத்து சென்டில் வீடு கட்ட நூல் பிடித்தாகிவிட்டது. காங்கேயத்து அப்துல் வஹீது மேஸ்திரிதான் வேலை எடுத்திருக்கிறார். இந்தத் தெருவில் முதல் கக்கூஸ் நம் வீட்டில்தான் வரப்போகிறது. இனியா பெரியவளாகிவிட்டாள். அன்புச்செல்வியும் இன்னும் எத்தனை நாள் சின்னப் பிள்ளை? இருட்டோடு எழுந்து புறம்போக்குக்கு ஓடுவது எங்களோடு போகட்டும்.

ஆனால் கக்கூஸ் தண்ணீரை எங்கே விடுவது என்பதில் சிக்கல். கிழக்கே பள்ளத்தில் குழி வெட்டிச் சிமெண்ட் உறை இறக்கலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். “நாலு உறை எறக்கிப் போட்டமுன்னா உங்க பேத்தி காலம் வரைக்கும் திரும்பிப் பாக்க வேண்டியதில்லீங்க அம்மணி” என்கிறார். கிழக்கு வேலிக்கு அப்பால் மாசாணியம்மாள் வீட்டுக் கிணறு இருக்கிறது. தெருவே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். நாங்களும்தான். அந்தம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, “ராசாத்தா, நீ மாளிகையே கட்டிக்கோ. ஆனா உங்க ஊட்டுக் கக்கூசு எங்க கெணத்துல வந்து எட்டிப் பாத்துச்சுன்னு வெச்சுக்கோ, மொத வாளிய உங்க நடு ஊட்டுலதான் கொண்டாந்து ஊத்துவேன்” என்றது. சிரித்துக்கொண்டுதான் சொன்னது. ஆனாலும் சொன்னது.

“அக்காளக் கேட்டுப்போட்டுச் செய்யலாம்” என்று உங்கள் தம்பி வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார். ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு எவ்வளவு பெரிய குழி வேண்டும், எந்த இடத்தில் வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ராசாத்தாள்


சரவணம்பட்டி,
கோவை.
14-3-1996

அன்புள்ள ராசாத்தாளுக்கு,

கடிதம் கிடைத்தது. என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இருமல் நீடித்தால் கஷாயத்தோடு நிற்காமல் காங்கேயம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. இஸ்மத் உன்னை விசாரித்தாள். பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். என் தம்பி வீட்டுக் கடிதத்தை அவள்தான் முதலில் பிரிக்கிறாள்.

என் வேலை, வயலுக்கு என்ன உரம் போடலாம் என்று மண்ணைப் பார்த்துச் சொல்வது. கக்கூஸ் கட்டச் சொல்வதல்ல. ஆனாலும் நீர் இறங்கும் கதை எல்லா மண்ணுக்கும் ஒன்றுதான். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒரு நாளைக்கு வீட்டிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியே வரும்? அதில் எவ்வளவை அந்த மண் குடிக்கும்? மேஸ்திரியின் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உறை இறக்கத் தெரிந்தவருக்கு மண்ணின் வயிறு தெரிந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

முதல் கணக்கு ஆட்களைப் பொறுத்தது. ஆறு பேர் என்று எழுதியிருக்கிறாய். நீ, கதிர், இரண்டு பெண்கள், உன் அப்பா. ஐந்துதான் வருகிறது. கை தவறியிருக்கும். விருந்தாளியைச் சேர்த்திருந்தால், சேர்க்கக் கூடாது. அந்த வீட்டிலேயே தங்கி, தினமும் குளித்துத் துவைக்கிறவர்களை மட்டுமே எண்ண வேண்டும். பொங்கலுக்கு வந்து போகிறவருக்காகக் குழி வெட்டினால் வீண். வீட்டு ஆளை எண்ணாமல் விட்டால் வாசலில் சாக்கடை.

இரண்டாவது கணக்குக்கு ஒரு சோதனை. உறை இறக்கவிருக்கும் இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு, இடுப்பளவு ஆழத்துக்குக் குழி எடுங்கள். பக்கங்களைக் கத்தியால் லேசாகச் சுரண்டிவிட்டு, அடியில் கொஞ்சம் ஜல்லி போடுங்கள். முதல் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற வையுங்கள். மறுநாள் மறுபடி ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு, அரைமணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஊற வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது ஐம்பது அடி வேண்டும். மாசாணியம்மாள் சொன்னது முழுக்க நியாயம்.

பெண்களுக்கு என் அன்பு.

கோமளா


களத்துப்புதூர்
21-4-1996

அன்பும் மரியாதையும் உள்ள நங்கையாளுக்கு,

அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. நீங்கள் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கினோம். நீங்கள் நலம்தானே? கோவையில் வெயில் இத்தனை இருக்காது. இங்கே களத்தில் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பு ஒரே நாளில் சுண்டிவிடுகிறது.

சந்தோஷமான சேதி. மேஸ்திரி நீங்கள் எழுதினபடியே கிழக்குப் பக்கம், கிணற்றுக்கு ஐம்பது அடி விட்டுக் குழி எடுத்தார். நான் குச்சியில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு குடம் ஊற்றினோம். கோட்டைப் பார்ப்பதற்குள் தண்ணீரைக் காணோம். இன்னொரு குடம், அதையும் காணோம். “ஏனுங்க, இது மண்ணுங்களா யானைங்களா? ஊத்த ஊத்தக் குடிக்குதுங்களே” என்று மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் முழுக்க ஊற வைக்கவில்லை. சித்திரையில் குழிக்குள் குடம் குடமாகக் கொட்டினால் தெருவில் யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டார்கள், அடிக்க வருவார்கள். குடிக்கிற மண்ணை எதற்கு ஊற வைக்க வேண்டும் என்று மேஸ்திரியும் கேட்டார். எனக்கும் சரி என்று பட்டது.

வைகாசியில் உறை இறக்கிவிடலாமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

கை தவறவில்லை நங்கையா. ஆறு பேர்தான்.

அன்புடன்,
ராசாத்தாள்


சரவணம்பட்டி
29-4-1996

அன்புள்ள ராசாத்தாளுக்கு,

இறக்க வேண்டாம். இதைப் படித்து முடிக்கும் முன்பே மேஸ்திரிக்கு ஆள் அனுப்பிவிடு.

நலம் விசாரிக்காமல் தொடங்கியதற்கு மன்னித்துக்கொள். எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கிழக்குப் பக்க மண் கருப்பாக இருந்ததா என்று நீ எழுதவில்லை. அது கரிசலாகத்தான் இருக்க வேண்டும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். நீங்கள் ஊற்றிய தண்ணீரை மண் குடிக்கவில்லை, வெடிப்புக்குள் விழுந்திருக்கிறது. அந்த வெடிப்பு எதுவரை போகிறது என்று யாருக்குத் தெரியும்? மாசாணியம்மாள் கிணறு வரைக்கும்கூடப் போகலாம். மழை பெய்ததும் அதே மண் ஊதி, வெடிப்பெல்லாம் மூடி, ஒரு சொட்டு உள்ளே விடாது. அப்போது உங்கள் வீட்டுத் தண்ணீர் குழியை நிறைத்துக்கொண்டு மேலே வரும்.

ஊற வைக்கச் சொன்னது இதற்காகத்தான். சித்திரையில் குழிக்குக் குடத்தைக் கவிழ்க்க மனம் வராது என்பது புரிகிறது. நானும் அந்தத் தெருவில் குடம் சுமந்தவள்தான். ஆனாலும் செய்யத்தான் வேண்டும். ஒரு மழை பெய்த பிறகு அதே குழியில், ஒரு பகலும் ஓர் இரவும் ஊற வைத்துப் பாருங்கள்.

ஆறாவது ஆள் யார்? உன் தம்பி திருப்பூரிலிருந்து வந்து உங்களோடு இருக்கப் போகிறானா? அப்படியானால் தாராளமாகச் சொல்லலாம். நான் கேட்பது தண்ணீர்க் கணக்குக்காக மட்டும்.

இஸ்மத் இப்போதெல்லாம் அடிக்கடி மதுரைக்குப் போகிறாள். தம்பி வீட்டில் ஏதோ பேச்சு நடக்கிறது. அவள் சொல்லும்போது சொல்லட்டும்.

வெயிலில் பிள்ளைகளை அலைய விடாதே.

கோமளா


களத்துப்புதூர்
9-6-1996

அன்பும் மரியாதையும் உள்ள நங்கையாளுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உடம்பு எப்படி? இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம். மனசுக்குத்தான் சுகமில்லை.

நீங்கள் சொன்னதே நடந்தது. போன வாரம் ஒரு நல்ல மழை. மறுநாள் மில்லுக்கு வருகிற தண்ணி லாரியில் கேட்டு வாங்கி அந்தக் குழியை நிறைத்து, பகலும் இரவும் ஊற வைத்தோம். காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் அப்படியே நிற்கிறது. கோட்டுக்குக் கீழே ஒரு நூல்கூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் நாய் வந்து குடித்துவிட்டுப் போனது. அப்புறம் கொசுப்புழு நெளிய ஆரம்பித்தது.

மாசாணியம்மாள் வேலியில் நின்று, “ஏனம்மணி, மனுசனுக்கே தண்ணி இல்லீங்கறாங்க, நீ கொண்டாந்து குழிக்கு ஊத்திக் கொசு வளக்கறயே. உங்க நங்கையா நெம்பப் படிச்சுட்டாங்களாட்ட இருக்குது” என்றது. அப்புறம் நான் விஷயத்தைச் சொன்னதும் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்து, “நாலு உறையும் எறக்கியிருந்தா எங்கெணறு என்னாகியிருக்கும்?” என்றது. “உங்க நங்கையா வந்தா எங்க ஊட்டுக்கும் சித்தெ வரச் சொல்லு.”

மேஸ்திரிக்கு முகமே இல்லை. “நானு முப்பது வருசமாக் குழி வெட்டறனுங்க, எந்தக் குழியும் என்னைய இப்படி ஏமாத்தினதில்லீங்க” என்று சொல்லிவிட்டு, வெள்ளக்கோவிலில் வேறு வேலைக்குப் போய்விட்டார். எங்கே விடுவது என்று தெரிந்தால் கூப்பிடச் சொன்னார். ஐப்பசி மழைக்குள் பள்ளம் எடுத்து மூடாவிட்டால் இந்த வருஷம் கக்கூஸ் இல்லை.

நங்கையா, இதை உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. தேங்காய் லாரிகள் இப்போது விடியுமுன்னே வருகின்றன. புறம்போக்கின் பக்கம் திரும்பும்போது வெளிச்சம் நேராக எங்கள் மேல் விழுகிறது. எழுந்து எழுந்து நிற்கிறோம். போன வாரம் ஒருவன் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். அன்றிலிருந்து இனியா ராத்திரிச் சோற்றைத் தொடுவதில்லை. சாயங்காலம் ஆனால் தண்ணீரும் குடிப்பதில்லை. “பசிக்கலம்மா” என்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பசிக்காதா?

என் தம்பி யாரும் வரவில்லை. ஆறாவது ஆளைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

உங்கள்
ராசாத்தாள்


(அஞ்சலட்டை)

சரவணம்பட்டி
17-6-1996

ராசாத்தாளுக்கு,

நலம். வரும் ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். மண் எடுக்கும் திருகுக் கருவியும் கொண்டு வருகிறேன். மேற்குப் பக்கத்தில் நான்கு இடங்களில் குழி எடுத்து, சனிக்கிழமை காலையிலிருந்து ஊற வைத்திருங்கள். என் கணக்கில் கதிர் தண்ணி லாரிக்குச் சொல்லட்டும். இனியாவைச் சாப்பிடச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

கோமளா


சரவணம்பட்டி
1-7-1996

அன்புள்ள ராசாத்தாளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பல்லடத்தில் பஸ் டயர் மாற்றியதால் தாமதம், வேறொன்றுமில்லை. நீ கட்டிக் கொடுத்த நிலக்கடலையை இஸ்மத் பாதிக்கு மேல் தின்றுவிட்டாள். நான் நிலத்தில் திருகியை இறக்கும்போது உன் அப்பா, “ஏனுங்க அம்மணி, நெலத்துக்கு ஊசி போடறீங்களா? காச்சலுங்களா?” என்று கேட்டதைச் சொன்னேன். இன்னும் சிரிக்கிறாள்.

இனி முடிவு.

கிழக்கும் நடுவும் முழுக்கக் கரிசல். அங்கே எதுவும் முடியாது. மேற்கே, ரோட்டோர மேட்டில் மட்டும் செம்மண் இருக்கிறது. அதற்குக் கீழே சரளை. அங்கே ஊற வைத்த குழியில் தண்ணீர் அவசரப்படாமலும் நின்றுவிடாமலும் இறங்கியது, நீயும் பார்த்தாய். கிணற்றுக்கு மிக எதிர்ப்புறம் அதுதான். கக்கூஸை மேற்குச் சுவரோரம் வைத்து, அடித்தளத்தை இரண்டடி உயர்த்திக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. கக்கூஸ் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை ஒரே ஆழக் குழியில் தள்ளாமல், ஜல்லி நிரப்பிய நீளமான ஆழமில்லாத வாய்க்காலில் பரவ விட வேண்டும்.

தடை ஒன்றுதான். அந்தச் செம்மண் துண்டின் மேல் ஓர் அறைக்கு நூல் பிடித்துக் கடைக்கால் பள்ளமும் பாதி வெட்டியிருக்கிறீர்கள். அறையும் வாய்க்காலும் சேர்ந்து அங்கே அடங்காது. அந்த அறை எதற்கு என்று நான் கேட்டபோது கதிர் வானத்தைப் பார்த்தான். “சாமான் ரூமுங்க அம்மணி” என்றார் உன் அப்பா. இரண்டு ஜன்னலும் தனி வாசலும் வைத்து யாரும் சாமானுக்கு அறை கட்டுவதில்லை. இருந்தாலும் சாமான் அறை என்றே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: அதை விட்டுவிடுங்கள். ஐந்து பேருக்கு மீதி வீடு போதும். ஐந்து பேர் தண்ணீருக்கு அந்த இடம் போதும். ஐந்து பேருக்கான அளவை இதோடு வைத்திருக்கிறேன்.

ஆறாவது ஆளைப் பற்றி நேரில் சொல்வதாக எழுதியிருந்தாய். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ மூன்று முறை காபி கொண்டு வந்தாய். வேண்டாம் என்றது உன் காபி மேல் உள்ள குறையால் அல்ல.

அன்புடன்,
கோமளா


களத்துப்புதூர்
18-7-1996

அன்புள்ள அக்காவுக்கு,

கதிர் எழுதுவது. நலம், உங்கள் நலம் அறிய ஆவல். எனக்கு எழுத வராது என்று உங்களுக்குத் தெரியும். ராசாத்தாள் எழுத மாட்டேன் என்கிறாள். நீங்கள் அனுப்பிய அளவைத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள். மேஸ்திரியைக் கூப்பிடவும் விடவில்லை.

அது சாமான் அறை இல்லை அக்கா. உங்களுக்கு.

நூல் பிடிக்கும்போதே ராசாத்தாள் சொல்லிவிட்டாள், கரிசலில் கட்டின சுவர் வருஷத்துக்கு வருஷம் வெடிக்கும், அக்காவுக்குச் செம்மண் பக்கம்தான் கட்ட வேண்டும் என்று. நாங்கள் கரிசல் பக்கம் சமாளித்துக்கொள்வோம். வெடித்தால் பூசிக்கொள்ளலாம். உங்களை ஒரு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டுச் சுவர் வெடிக்கக் கூடாது.

உங்களிடம் நேராகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் கட்டி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நான்தான் சொன்னேன். கக்கூஸ் கணக்கில் மாட்டிக்கொள்வோம் என்று தெரியாது.

இப்போது அந்த இடத்தில் அறையா வாய்க்காலா என்று ஆகிவிட்டது. வாய்க்கால் வேண்டும், இனியாவுக்காக வேண்டும், எனக்குத் தெரியும். ராசாத்தாளுக்கும் தெரியும். ஆனால் அறையை மூட மண்வெட்டி எடுத்தால் அவள் வந்து கடைக்காலுக்குள் உட்கார்ந்துகொள்கிறாள்.

என்ன செய்ய என்று எழுதுங்கள்.

உங்கள் தம்பி
கதிர்


களத்துப்புதூர்
25-8-1996

அன்பும் மரியாதையும் உள்ள நங்கையாளுக்கு,

உங்கள் தம்பி எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு நாளாக எனக்கு வலது கண் துடிக்கிறது. ஒரு வரி போட்டால் போதும்.

நான் பேச வேண்டியதை மரியாதை பார்த்தே பேசாமல் விட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பார்க்கிறேன். நீங்கள் இங்கே வந்தால் காலையில் ஒரு வாய் காபி. அப்புறம் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர்ச் சொம்பைத் தொட மாட்டீர்கள். சாயங்கால பஸ்ஸுக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். படித்தவர்கள், நம் வீட்டில் தங்கப் பிடிக்கவில்லை என்று முதலில் நினைத்தேன். மனசுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பொங்கலுக்கு நீங்கள் ஒரு ராத்திரி தங்கினீர்கள். விடியுமுன் நாங்கள் எல்லோரும் கிளம்பினபோது நீங்கள் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தீர்கள். தூங்கவில்லை. முட்டியை மடக்க முடியாது, இருட்டில் அத்தனை பேரோடு உட்காரவும் முடியாது. அதனால் வயிற்றைக் காயப் போட்டுக்கொண்டு கிடந்தீர்கள். அன்றுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் தம்பியிடம் அன்றைக்கே சொன்னேன், “கக்கூசு இல்லாத ஊட்டுக்கு நங்கையாளக் கூப்புடறது கூப்புடறதே இல்லீங்க” என்று.

இனியா ராத்திரி தண்ணீர் குடிக்காமல் படுத்தாள் என்று எழுதினேனே, அவள் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? “அத்தை வந்தா இப்படித்தானேம்மா இருப்பாங்க.” பிள்ளை உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். குறையாகச் சொல்லவில்லை நங்கையா. எழுதும்போதே அழுகை வருகிறது.

ஆறு என்று நான் எழுதியது இதனால்தான். நீங்கள் ஐந்து, ஐந்து என்றே திருப்பி எழுதினீர்கள். விருந்தாளியை எண்ணக் கூடாது என்றீர்கள். சரி. நானும் விருந்தாளியை எண்ணவில்லையே.

நீங்கள் வரவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். மறுநாளே அறையை மூடிவிட்டு வாய்க்கால் எடுக்கச் சொல்கிறேன். ஐப்பசிக்கு அதிக நாள் இல்லை. பிள்ளைகளைக் காக்க வைக்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ராசாத்தாள்


சரவணம்பட்டி
8-9-1996

அன்புள்ள ராசாத்தாளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கண் துடித்ததற்குக் காரணம் நானில்லை; தூங்கியிருக்க மாட்டாய்.

கதிரின் கடிதம் வந்த வாரத்தில் இஸ்மத் பெட்டி கட்டினாள். வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு, தம்பி குடும்பத்தோடு இருக்கப் போய்விட்டாள். ஸ்டேஷனுக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன், இரண்டு முறை. இஸ்மத் போனதால் வருகிறேன் என்று ஆகிவிடுமோ என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். எனக்கு இடம் இல்லாமல் போனதால் நான் உங்களிடம் வருவதாக யாரும் நினைப்பதை நான் விரும்பவில்லை. நானே நினைப்பதையும்.

இங்கே மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தினமும் காலையில் நிரப்புவோம், மறுநாள் காலையில் காலியாக இருக்கும். இப்போது இரண்டு நாளைக்கு வருகிறது. ஓர் ஆள் குறைந்தால் அது முதலில் தண்ணீரில்தான் தெரிகிறது. இத்தனை வருடம் மண்ணையும் நீரையும் பார்த்துவிட்டு இதை இப்போதுதான் கவனித்தேன்.

உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். எந்த இடத்திலும் என்னால் மறுத்து எழுத முடியவில்லை. அது எனக்கு வழக்கமில்லை. இனியா சொன்னதைப் படித்த அன்று ஆபீஸுக்குப் போகவில்லை.

இனி வேலை. மேஸ்திரியை உடனே கூப்பிடு. ஜூலையில் நான் அனுப்பிய அளவைத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கிழித்துப் போடு. அது தவறான கணக்கு. புதிய அளவு இதோடு இருக்கிறது. ஆறு பேருக்கு.

செம்மண் துண்டு முழுவதும் வாய்க்காலுக்கு. ஆறு பேர் தண்ணீரும் அங்கே போனால் இடம் கொஞ்சம் பற்றாது. அதனால் குளிக்கிற தண்ணீரையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் கக்கூஸ் தொட்டிக்குள் விடாமல் தெற்கு வேலியோரம் வாழைக்குத் திருப்பிவிடுங்கள். வேலியோர வாய்க்காலை மேலாகப் பறித்தால் போதும். கிணற்றுப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள். மாசாணியம்மாளிடம் காட்டிவிட்டு மூடச் சொல். அந்தம்மாள் பார்த்துச் சரி என்று சொன்னால் எனக்கும் சரி.

அறையைக் கரிசல் பக்கம் கட்டலாம். கதிர் பயப்படுவது சரிதான், சாதாரணக் கடைக்கால் போட்டால் வெடிக்கும். கரிசலைத் தாண்டிச் சரளை வரும்வரை தோண்டி, அகலமாக மணல் நிரப்பி, அதன் மேல் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் போட்டுச் சுவரை எழுப்பச் சொல். அந்தச் செலவு என்னுடையது. இதில் பேச்சு வேண்டாம். அப்புறமும் எங்காவது ஒரு கீறல் விழலாம். விழுந்தால் பூசிக்கொள்ளலாம். கரிசலோடு எனக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். அது வெயிலில் எப்படி முறுக்கிக்கொள்ளும், மழையில் எப்படி இளகும் என்று எனக்குத் தெரியும். நானும் ஏறக்குறைய அந்த ஜாதிதான் என்று இஸ்மத் சொல்லுவாள்.

தாராபுரம் அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காங்கேயத்திலிருந்து போய் வருகிற தூரம்தான். கிடைக்கத் தை மாதம் ஆகலாம், தாமதமும் ஆகலாம். அரசாங்கத்தை நம்பி நான் தேதி சொல்வதில்லை.

வரும் ஞாயிறு, கடைக்காலில் சரளை வந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறேன். மேஸ்திரி வேகமாகச் செய்தால் கிழக்கில் அறைக்குச் சுவர் எழுப்புவதற்கு முன்பே கக்கூஸுக்கு மறைப்பும் பீங்கானும் வைத்துவிட முடியும். முட்டி மடக்க வேண்டாத உயரப் பீங்கானாக ஒன்று வாங்கச் சொல். உன் அப்பாவுக்கும் ஆகும்.

இனியாவிடம் சொல்: அத்தை இத்தனை நாள் செய்தது தப்பு, அதைப் பார்த்து எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம். ராத்திரிச் சோறு சாப்பிடட்டும்.

கக்கூஸ் தயாரான முதல் ஞாயிறு நான் தங்குகிறேன். சாயங்கால பஸ்ஸுக்குப் பையை எடுத்து வைக்காதே. மத்தியானத்துக்கு மேல் எனக்குக் காபி வேண்டும், பெரிய டம்ளரில். படுக்கும்போது தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீரும் வை.

உங்கள் எல்லோருடைய
கோமளா